பெயரில்லாத இசைத்தட்டுகள்

பழைய நாட்டுப்பாடல் இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் மறுபடி வெளிவந்துகொண்டிருக்கின்றன. தட்டாகவோ நாடாவாகவோ வருவது அபூர்வம். 1970களிலும் 80களிலும் பதிவானவற்றைச் சுத்தம் செய்து, கைபேசியில் கேட்கிற விதத்தில், பழைய உறைப்படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மேலே ஒட்டி வெளியிடுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய காரியம்தான். ஒலி நன்றாக இருக்கிறது. தேய்ந்த கேசட்டில் வெறும் இரைச்சலாகக் கேட்ட உறுமியின் இழுப்பும், தவிலுக்குப் பின்னால் மறைந்துகிடந்த ஜால்ராவும் இப்போது தனித்தனியாகக் காதில் விழுகின்றன. ஆனால் இந்த மறுபதிப்புகளை நாம் வரவேற்கிற முறையைப் பார்க்கும்போது, கிடைத்திருப்பது இன்னதென்று நமக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

வரவேற்பு இரண்டு விதமாக நடக்கிறது. முதலாவது மண்வாசனைக் கோஷ்டியினுடையது. அவர்களுக்கு ஒரு நடவுப்பாட்டைக் கேட்டதும் பாட்டி ஞாபகம் வரும், வரப்பு ஞாபகம் வரும், கண் கலங்கும். பாட்டு எப்படியிருந்தது என்று கேட்டால் பதில் வராது. இரண்டாவது பல்கலைக்கழகக் கோஷ்டி. தாலாட்டு எத்தனை வகை, ஒப்பாரியில் வருகிற உறவுமுறைச் சொற்கள் எத்தனை என்று பட்டியல் போடுகிறவர்கள். அந்த வேலையும் தேவைதான். ஆனால் இரண்டு பேருமே ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருக்கிறார்கள்: தட்டில் கேட்பது ஒரு மனுஷியின் குரல் என்பதை இருவரும் கவனிப்பதில்லை. முதல்வருக்கு அது மண்ணின் குரல், மற்றவருக்கு மக்களின் குரல். மண்ணுக்கும் மக்களுக்கும் தொண்டை கிடையாது. ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரியின் பழைய பதிவு மறுபடி வந்தால் பாடகரின் மூச்சு எங்கே தளர்ந்தது, எந்த இடத்தில் கமகம் அழுத்தமாக விழுந்தது என்று வரிவரியாக எழுத நம்மிடம் ஆள் இருக்கிறது. நாட்டுப்பாடல் தட்டு வந்தால் அந்தக் காது எங்கே போய்விடுகிறது?

நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் கிடையாது என்கிற பாடத்தை நாம் அளவுக்கு மீறி நன்றாகப் படித்துவிட்டதுதான் காரணம். வயலைப் பொறுத்தவரை அந்தப் பாடம் சரியானது. ஏற்றப்பாட்டு இறைத்த சாலை எண்ணிக்கொண்டே போகிற பாட்டு. இறைப்பு முடிகிற இடத்தில் அதுவும் முடியும். தாலாட்டு குழந்தை தூங்கினதும் பாதி வரியில் நிற்கும். நடவுப்பாட்டில் ஒருத்தி முன்பாட்டு எடுக்க மற்றவர்கள் பின்பாட்டு வாங்குவார்கள். நாளைக்கு வேறொருத்தி எடுப்பாள், சொல் மாறும், கிண்டலுக்கு அகப்படுகிற ஆளும் மாறுவான். அங்கே பெயர் இல்லாமலிருப்பதில் அர்த்தம் இருக்கிறது. எதுவும் முடிவான உருவம் கொள்ளாத இடத்தில் யார் பெயரை எதன் மேல் எழுதுவது?

ஒலிப்பதிவு இதைத் தலைகீழாக்கிவிட்டது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம். நெடுந்தட்டு வந்த பிறகு ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடியது என்றாலும், அந்த மூன்று நான்கு நிமிஷக் கணக்கு பாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. முடிவில்லாத பாட்டுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வந்து சேர்ந்தன. இருந்த கண்ணிகளில் எதை வைப்பது, எதை விடுவது என்று யாரோ தீர்மானித்தார்கள். ஒரு குறிப்பிட்ட பெண் ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த மூச்சு, மாற்ற முடியாததாக, ஆயிரம் தடவை கேட்கத் தக்கதாக உறைந்துபோயிற்று. இப்படி உறைந்துபோனதற்குப் பெயர் படைப்பு. வயலிலிருந்து ஸ்டூடியோவுக்குப் பாட்டைக் கொண்டுவந்தவர்கள் அங்கிருந்த பெயரின்மையையும் கூடவே கொண்டுவந்ததுதான் தப்பு. வயலில் இயற்கையாக இருந்த ஒன்று தட்டின் உறையில் பொய்யாகிவிடுகிறது.

அச்சில் இந்தப் பிரச்னையை நம்மவர்கள் இதைவிட நாணயமாகவே கையாண்டிருக்கிறார்கள். மு. அருணாசலத்தின் ‘காற்றிலே மிதந்த கவிதை’ 1943ல் வந்தது. பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்துவைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து ‘மலையருவி’ 1958ல் வந்தது. 1964ல் நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளைக் கொண்டுவந்தபோது ஒரு படி மேலே போனார். பாட்டுக்குக் கீழே வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள், சேகரித்தவர் பெயர், சேகரித்த இடம், சில பாட்டுகளுக்கு உதவியவர் பெயர் என்று சிறிய எழுத்தில் ஓடுகிற அந்த வரிகளை நான் பாட்டுக்குச் சமமாக மதிக்கிறேன். சிவகிரி என்று இருந்தால் ராஜபாளையத்துக்காரனான எனக்கு அது பக்கத்து ஊர். விளாத்திகுளம் என்றால் கரிசல். பாட்டின் கால் எந்த மண்ணில் நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. அந்தப் புஸ்தகத்தை யாரும் மண்வாசனைக்காக மட்டும் படித்துவிட முடியாதபடி அந்தச் சின்ன எழுத்து தடுக்கிறது. ஒலி வடிவத்தில் நமக்குக் கிடைக்கிற மறுபதிப்புகளில் பல இந்த அளவுக்குக்கூட வரவில்லை. 1964ல் ஒரு பேராசிரியர் தன் மாணவர்களையும் நண்பர்களையும் வைத்துக்கொண்டு செய்ததைக் கம்பெனிகள் இன்றும் செய்ய மாட்டேனென்கின்றன.

வெளியே என்ன நடந்தது என்று பார்க்கலாம். அமெரிக்காவில் ஹாரி ஸ்மித் என்பவர் 1920களின் பிற்பகுதியிலும் 30களின் தொடக்கத்திலும் வந்து, விற்று, மறக்கப்பட்ட 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றிலிருந்து 84 பாடல்களைத் தேர்ந்தெடுத்து 1952ல் ஃபோக்வேஸ் கம்பெனி மூலம் ஆறு நெடுந்தட்டுகளாக மறுபதிப்புச் செய்தார். ‘அமெரிக்க நாட்டுப்பாடல் தொகுதி’ என்பது அதன் பெயர். பழைய கம்பெனிகளிடம் முறையாக அனுமதி வாங்காமல் செய்த வேலை அது. முறையான அனுமதிகளோடு ஆறு குறுந்தகடுகளாக வந்தது 1997ல்தான். இடையில் 1987ல் ஃபோக்வேஸை ஸ்மித்ஸோனியன் நிறுவனம் எடுத்துக்கொண்டபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுகளில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகக்கூடாது என்பது நிபந்தனை.

இந்தத் தொகுதியின் முக்கியத்துவம் பாடல்களில் மட்டும் இல்லை. கூடவே ஒரு கையேடு இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் எண், பாடியவர் பெயர், முதலில் பதிவான காலம், முதலில் வெளியிட்ட கம்பெனி, தட்டின் எண். இதோடு ஸ்மித்தின் விநோதமான குறிப்புகள். அதில் பாடியவர்களில் ஒருவர் மிஸிஸிப்பி ஜான் ஹர்ட், கறுப்பர், விவசாயக் கூலி. 1928ல் சில பாட்டுகள் பதிந்துவிட்டு, தட்டுகள் விற்காததால் திரும்பவும் வயல்வேலைக்குப் போய்விட்டவர். ஸ்மித்தின் தொகுதியில் அவருடைய பாட்டு இரண்டு இருந்தது. அதைக் கேட்டவர்கள் அவருடைய மற்றத் தட்டுகளையும் தேடினார்கள். அவற்றுள் ஒன்றில் அவர் தன் ஊரைப் பாடியிருந்தார்: அவலான். பழைய தேசப்படத்தில் அந்தச் சின்ன ஊரைக் கண்டுபிடித்து, 1963ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்கிற இளைஞர் அங்கே போய்க் கேட்டபோது ஹர்ட் அங்கேயேதான் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் கழித்து அந்த மனிதர் மறுபடி மேடையேறி, மறுபடி தட்டுகள் பதிந்து, 1966ல் இறந்தார்.

இதை அதிர்ஷ்டக் கதையாகப் படிக்கக் கூடாது. தட்டில் பெயர் இருந்தது, பாட்டில் ஊர் இருந்தது, ஆகவே தேட முடிந்தது. பெயரில்லாத தட்டைக் கேட்டு எவ்வளவு உருகினாலும், புறப்பட்டுப்போக ஒரு பஸ் கிடையாது.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, நாம் கவனிக்கவில்லை. ஆர்னால்ட் பாகே என்ற டச்சுக்காரர் 1938ல் தென்னிந்தியாவில் பாட்டுகளையும் கூத்துகளையும் ஒலியாகவும் சலனப்படமாகவும் பதிவு செய்தார். 1984ல் அவருடைய மாணவர் நஸீர் ஜெய்ரஸ்பாயும் ஏமி காட்லினும் அந்தப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். பாடியவர்களை, அல்லது அவர்களுடைய பிள்ளைகளைத் தேடி, கேட்கவைத்து, அதே கலை இப்போது எப்படியிருக்கிறது என்று மறுபடி பதிந்தார்கள். மறுபதிப்பு என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் இதுதான் என்பேன். ஒலி சந்தைக்குத் திரும்புவதற்கு முன்னால் பாடியவரிடம் திரும்ப வேண்டும். பாகே இடத்தைக் குறித்து வைத்திருந்ததால் இது சாத்தியமாயிற்று.

இதை மனதில் வைத்துக்கொண்டு நான் ஒரு சிறிய சோதனை செய்தேன். வத்திராயிருப்புக்கு மேற்கே, மேற்கு மலையடிவாரத்தில், பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள், 1970களில் கட்டியவை. தண்ணீர் வந்த வருஷம் கீழே நெல், தென்னை. வராத வருஷம் எங்கள் வங்கியில் நகைக்கடன். அங்கே வாழ்நாளெல்லாம் நாற்று நட்ட ஒரு பாட்டியை எனக்குக் கவுன்ட்டரில் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், சமீபத்தில் மறுபதிப்பாகியிருக்கும் ஒரு தொகுப்பிலிருந்து நடவுப்பாட்டு ஒன்றைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். பாடியவர் பெயர் அதில் இல்லை. ‘குழுவினர்’ என்று மட்டும் இருந்தது. பாட்டி முழுக்கக் கேட்டார். இரண்டாம் தடவையும் போடச் சொன்னார்.

“நல்லாப் பாடுறா. ஆனா இவ நட்டுக்கிட்டுப் பாடல தம்பி. நின்னுக்கிட்டுப் பாடுறா.”

எப்படித் தெரியும் என்றேன்.

“குனிஞ்சு பாடுனா மூச்சு இம்புட்டு நீளாது. நாலு முடி நடுறதுக்குள்ள சொல்லு முறியும். அந்த முறிவுல பின்னால உள்ளவுக வாங்கிக்கிருவாக. இவ முறிய விடல, ராகமா இழுத்துட்டா. பின்னால நிக்கிறவுகளுக்கு வேலையே இல்ல.”

இவ்வளவு கச்சிதமான இசை விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. ஒரு பாட்டின் உருவம் அதைப் பாடுகிற உடம்பின் நிலையிலிருந்து பிறக்கிறது. உடம்பு நிமிர்ந்ததும் உருவம் மாறிவிடுகிறது. மாறும்போது பின்பாட்டு வெறும் அலங்காரமாகிவிடுகிறது. இதைக் குறையாகவும் அவர் சொல்லவில்லை. நல்லாப் பாடுறா என்றுதான் ஆரம்பித்தார். ஸ்டூடியோவில் நிமிர்ந்து நின்ற அந்தப் பெண் பழைய பாட்டைப் புதிதாக வேறொன்று செய்திருக்கிறாள் என்பதை அவர் காது ஒப்புக்கொண்டது. அதாவது அவளை ஒரு கலைஞியாக நடத்தியது. அடுத்த கேள்வி இயல்பாக வந்தது: “எந்த ஊர்க்காரி?” போடவில்லை என்றேன். “பேரு?” அதுவும் இல்லை என்றேன். “நூறு நாள் வேலையிலகூடப் பேரு கூப்பிட்டுத்தான கூலி போட்டாக” என்றார். அதற்குமேல் அந்தத் தொகுப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

கூலி என்ற சொல் சும்மா வரவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. வங்கியில் ஒரு தொகை வந்து, யாருடையது என்று தெரியாவிட்டால், அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். தாற்காலிக ஏற்பாடு, உடையவனைத் தேடிப்பிடித்து வரவு வைக்கிறவரை ஆடிட்டர் விட மாட்டார். பத்து வருஷம் யாரும் கேட்காத வைப்புத்தொகைகூட, 2014ல் வந்த திட்டப்படி, ரிசர்வ் வங்கியின் ஒரு தனி நிதிக்குப் போகிறது. உடையவர்களின் பெயர்ப் பட்டியலை வங்கி பகிரங்கமாக வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். நாட்டுப்பாடல் தட்டுகளில் ‘பாரம்பரியம்’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறதே, அது ஒரு சஸ்பென்ஸ் கணக்கு. ஆடிட் இல்லாத சஸ்பென்ஸ் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? பாட்டின் சொல்லும் மெட்டும் பொதுச்சொத்து, சரி. ஆனால் ஒலிப்பதிவு பொதுச்சொத்து இல்லை. 1957ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து அறுபது வருஷம் அது உரிமையாளருக்குச் சொந்தம். 1980ல் வந்த தட்டு 2040 முடியும்வரை கம்பெனியினுடையது. பாடுகிறவருக்கு என்று தனி உரிமை சட்டத்தில் நுழைந்ததே 1994ல்தான். பாடியவரை இன்னார் என்று அடையாளம் காட்ட வேண்டும் என்கிற உரிமை 2012 திருத்தத்தில் வந்தது. ஆக, பாட்டு ஊருடையது, பதிவு கம்பெனியுடையது. நடுவில் பாடிய பெண் யாருடையவளும் இல்லை. ‘மக்களின் குரல்’ என்று நாம் பூரித்துப்போய் எழுதுகிற ஒவ்வொரு கட்டுரையும் இந்தக் கணக்குக்குச் சௌகரியமாக அமைகிறது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

ஆட்சேபம் ஒன்று வரும்: நம் மரபில் கலைஞன் பெயர் சொல்லிக்கொள்வதில்லை, அது மேல்நாட்டுத் தனிமனித வாதம் என்று. இதை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் வந்து சொல்லக் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு பெண் பாடினாள். தோழிகளை எழுப்பி, கூட்டமாக நோன்புக்குப் போகிற பெண்களின் பாட்டு அது. நாட்டுப்பாடலின் சாயல் அதில் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் கடைசிப் பாசுரத்தில் தன் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் வைத்துவிட்டுத்தான் போனாள். கூட்டத்துக்காகப் பாடுவதும் தன் பெயரை வைப்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இந்த விஷயத்தில் நாம் இளப்பமாகப் பேசுகிற சினிமா நம்மைவிட நேர்மையாக நடந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர், 1985ல் ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்தும் பாடியும் ஜனங்களுக்குத் தெரிந்தார், 2025ல் காலமானார். பரவை முனியம்மா 2003ல் ‘தூள்’ படத்துக்குப் பிறகு நாடறிந்தவர். இரண்டு பேருமே ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டே திரைக்கு வந்தார்கள். அவலான் கதை மாதிரி, யாரும் நேரே புறப்பட்டுப் போய்விடலாம். சினிமா அவர்களைப் பாட்டி வேஷத்துக்குள் அடைத்ததும் உண்மை. ஆனால் கருப்பாயியின் குரலில் இருக்கிற நையாண்டி, சொல்லின் கடைசி அசையைப் பாடாமல் பேச்சாக விட்டுவிடுகிற அந்தத் தைரியம், இது அவருடையது, வேறொருவருடையது அல்ல என்று நாம் பேச முடிகிறதென்றால், அது பெயர் இருப்பதால்தான்.

விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்; கணவரோடு சேர்ந்து ஊர் ஊராகப் பாட்டுச் சேகரித்து, இருவரும் மேடையிலும் பதிவிலும் பாடினார்கள்; 2018ல் பத்மஸ்ரீ. அவருடைய பழைய பதிவுகளை இப்போது கேட்கும்போது எனக்குப் பிடித்தது திறந்த தொண்டை, கும்மியில் கால் நிற்காத வேகம். பிடிக்காதது, சில ஒப்பாரிகளில் சொல் ஒவ்வொன்றும் புரிந்துவிட வேண்டும் என்கிற ஆசிரியைத் தெளிவு. துக்கம் சொல்லை விழுங்குகிற இடம் அங்கே இல்லை. இது என் அபிப்பிராயம், மறுக்கலாம். மறுப்பதற்கும் ஒப்புவதற்கும் ஒரு ஆள் எதிரே இருக்கிறார் என்பது முக்கியம். விமர்சனம் என்பதே மரியாதையின் ஒரு வடிவம். பெயரில்லாதவர்களுக்கு நாம் இரக்கம் காட்டுகிறோம், மரியாதை காட்டுவதில்லை.

இன்னொரு கஷ்டமான விஷயம் பாக்கியிருக்கிறது. ஹாரி ஸ்மித் தன் கையேட்டில் பாடகர்களில் யார் வெள்ளையர், யார் கறுப்பர் என்று வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. ஜான் ஹர்ட்டை வெகுநாள் வெள்ளைக்காரர் என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். நிறம் தெரியாததால் காது சுதந்திரமாகக் கேட்டது. அப்படியானால் நம் தட்டுகளும் ஜாதியை மறைத்து நல்லதுதானே செய்கின்றன என்று கேட்கலாம். ஏனென்றால் நம் ஊரில் பெயர், ஊர், தொழில் மூன்றையும் சொன்னால் ஜாதியைச் சொன்ன மாதிரிதான். ஆனால் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்மித் நிறத்தை மறைத்தார்; ஆளை மறைக்கவில்லை. நம்மவர்கள் ஆளையே மறைத்துவிடுகிறார்கள். பறையடித்தவர் யார், ஒப்பாரி பாடியவர் யார் என்று தெரியாமல் ‘கிராமிய இசை’ என்று கேட்கிறபோது, தெருவுக்குள் வரக்கூடாதென்று தடுத்தவனும் கூச்சமில்லாமல் ரசித்துவிடலாம். கே. ஏ. குணசேகரன் ‘தன்னானே’ குழுவோடு மேடை மேடையாகப் பாடியதும், ‘மனுசங்கடா’ என்கிற இன்குலாபின் பாட்டைக் கேசட்டாக ஊரெங்கும் கொண்டுபோனதும், பின்னால் ‘வடு’வில் தன் வாழ்க்கையையே எழுதிவைத்ததும் இந்தக் கூச்சமின்மைக்கு எதிராகத்தான். 2016ல் அவர் போய்விட்டார். அவர் குரலைக் கேட்கிறவன், இது யாருடைய குரல் என்று தெரியாத மாதிரி பாவனை செய்ய முடியாது. மறுபதிப்புகள் எல்லாம் அந்த நிலைக்கு வரவேண்டும்.

நான் கேட்பது பெரிய ஆராய்ச்சியல்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து வரி: பாடியவர், ஊர், என்ன வேலையின்போது பாடுகிற பாட்டு, எந்த வருஷம் எங்கே பதிவானது, பதிந்தவர் யார். கம்பெனியின் பழைய நோட்டுகளில் பாதி இருக்கும். மீதிக்கு யாராவது பஸ் ஏறிப் போகவேண்டும். பாடியவர்களில் பலர் எண்பதைத் தாண்டியவர்கள் என்பதால் பொறுத்துச் செய்துகொள்ளலாம் என்கிற வேலை இல்லை இது. கம்பெனி செய்யவில்லையென்றால் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் செய்யலாம். ஆளுக்கு ஒரு தொகுப்பு, ஆளுக்கு ஒரு தாலுகா என்று எடுத்துக்கொண்டால் போதும். பெயர் கிடைத்த பிறகு, அந்தப் பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எழுதுவோம். ஏதாவது பாட்டு மோசம் என்று தைரியமாக எழுதுகிற நாளில்தான் நாட்டுப்பாடலை நாம் கலையாக ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.